கடற்படை நாள் பாட்டு: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். டிசம்பர் 4, கடற்படை நாள் விழாவுக்காக எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டு எழுதி வருவதை அறிவீர்கள். சண்டை முடிந்து ஊர் திரும்பும் 'அக்கிலீஸ்' போர்க்கப்பலுக்கு வரவேற்புப் பாட்டு. "நம் விழாவில் நியூசிலாந்துக் கப்பலுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1939 டிசம்பர் 13 அன்று, தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால், 'கிராஃப் ஸ்பீ' என்ற ஜெர்மன் போர்க்கப்பலோடு மோதிய மூன்று கப்பல்களில் அக்கிலீஸும் ஒன்று. 1940 பிப்ரவரி 23 அன்று அது ஆக்லாந்து திரும்பியபோது, குயின் வீதியில் நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம். அதே கப்பல்தான் 1948இல் நம்மிடம் வந்து 'டெல்லி' ஆனது, பின்னர் 'ஐ.என்.எஸ். டெல்லி' என்ற பெயரில் 1978 வரை உழைத்தது. பிளேட் சண்டையில் அதன் கேப்டனாக இருந்த பாரி, அதே 1948இல் நம் கடற்படைக்கே தலைமைத் தளபதியாக வந்தார். இதைவிட என்ன உறவு வேண்டும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். வந்து சேர்ந்த பாட்டுகளில் பாதி பிள்ளைகள் எழுதியவை அல்ல. "செருவென்ற சிம்மங்காள் வருக" என்று எட்டாம் வகுப்பில் யாரும் எழுதுவதில்லை, அப்பாக்கள் எழுதுகிறார்கள். அவற்றில் எதிரியின் தலை வரிக்கு வரி உருளுகிறது. 1899இல் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் டூயி மணிலாப் போரில் வென்று நியூயார்க் திரும்பியபோதும் அமெரிக்காவில் இப்படிப் பாட்டுகள் அச்சாகிக் குவிந்தன. அவருக்காகக் கட்டிய அலங்கார வளைவைச் சுண்ணச் சாந்தில்தான் செய்திருந்தார்கள். அடுத்த ஆண்டே இடித்துவிட்டார்கள்.

கிராஃப் ஸ்பீ ஒன்பது வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஆனால் அவற்றின் மாலுமிகளில் ஒருவரைக்கூடக் கொல்லவில்லை. அதன் கேப்டன் லாங்ஸ்டார்ஃப் தன் கப்பலைத் தானே தகர்த்து மூழ்கடித்து, சில நாள்களில் தற்கொலை செய்துகொண்டார். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "அவருடைய ஆட்களுக்கு யார் பாட்டு எழுதினார்கள்?" என்று கேட்டான். தமிழாசிரியர் பதில் சொல்லவில்லை. அதையே சரணமாக எழுதச் சொன்னார்.

அக்கிலீஸிலும் நால்வர் இறந்தார்கள். ஒரு மாணவியின் நோட்டில் 'வெற்றி' என்று தொடங்கும் வரிகள் மூன்று அடிக்கப்பட்டிருந்தன. கீழே பென்சிலில் இப்படி இருந்தது:

ஊரே கரையில் நிற்கிறது,
நாலு வீட்டு வாசலில் மட்டும்
யார் போய் நிற்பது?

சந்தம் தட்டுகிறது. மெட்டுக்கு உட்காரவில்லை என்று பாட்டு ஆசிரியையும் சொல்கிறார். பாட்டை அப்படியே விட்டுவிட்டு மெட்டை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, வீட்டில் பாட்டு எழுதித் தர வேண்டாம். பிள்ளை கேட்டால் கப்பலைப் பற்றிப் பேசுங்கள். பேனாவை அவர்களிடமே விடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கடற்படைச் சீருடை வாடகைக்கு எடுக்கவும் தேவையில்லை. பள்ளிச் சீருடையே போதும். அடித்துத் திருத்திய தாளை அப்படியே வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்