நன்கொடை வேண்டுகோள்: தோட்டப் படக்குறிப்புகளைப் புதிய சர்வருக்கு மாற்ற 6,400 ரிங்கிட் தேவை

அன்புடையீர், வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பழைய படங்களையும் ஒலிநாடாக்களையும் தேடிச் சேர்த்து வரும் நம் ஆர்வலர் குழுவின் இணையக் களஞ்சியம், இப்போது இருக்கும் சர்வரில் இனி அதிக நாள் தாங்காது. அக்டோபர், நவம்பர் இடிமழைக்கு முன் அதை வேறு சர்வருக்கு மாற்றியாக வேண்டும். மொத்தச் செலவு 8,316 ரிங்கிட். கையிருப்பு 1,916 ரிங்கிட். மீதி 6,400 ரிங்கிட்டுக்காக உங்களிடம் வருகிறோம். காசு கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

களஞ்சியத்தில் 11,200 படங்களும் 640 மணி நேர ஒலிப்பதிவும் இருக்கின்றன. அவற்றின் கீழ் உறுப்பினர்கள் எழுதிச் சேர்த்த குறிப்புகள் 86,000. ஆறுக்கு நான்கு அங்குலப் படம் ஒன்றை 600 டிபிஐயில் வருடினால் 26 எம்பி ஆகிறது. ஒலிநாடாவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. இரண்டும் சேர்ந்து 1 டெராபைட்டை நெருங்குகின்றன. குறிப்புகளோ வெறும் 180 எம்பி. ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடும். ஆனால் நாங்கள் பயப்படுவது அந்த 180 எம்பிக்காகத்தான்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பின்னால் தகரக் கூரை லயம், முன்னால் ரப்பர்ப் பால் வாளிகளோடு பதினெட்டுப் பேர். படத்தின் முதுகில் பென்சிலில் ஆண்டு மட்டும் எழுதியிருக்கிறது. அதன் கீழ் 41 குறிப்புகள். இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் அம்மா எந்த டிவிஷன், முண்டாசு கட்டியவர் கங்காணியா கிராணி வீட்டு ஆளா, அந்த லயம் அவசரகாலத்தில் எப்போது முள்வேலிக்குள் போனது, பின்னால் தெரியும் ஆலமரம் நின்ற இடத்தில் இப்போது எந்தத் தாமான் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, மூன்றாமவர் தன் அத்தையைக் கேட்டுவந்து தீர்த்துவைத்தது எல்லாம் அங்கே இருக்கிறது. படம் கெட்டால் வீட்டு ஆல்பத்திலிருந்து மறுபடி வருடிக்கொள்ளலாம். அந்தக் குறிப்புகளை எழுதிய பெரியவர்களில் பலர் இன்று இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்களும் இடிக்கப்பட்ட பிறகு, அந்தப் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு இடம் கிடையாது.

இப்போதுள்ள சர்வர் பாசார் பக்கத்துக் கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் ஓடுகிறது. இடம் கொடுத்தவருக்கு நன்றி உண்டு, குறையேதும் இல்லை. ஆனால் பிற்பகலில் அந்த அறை 35 டிகிரியைத் தொடும். மின்சாரம் போனால் சர்வரைத் தாங்கும் யுபிஎஸ்ஸில் இருக்கும் ஈய-அமில பேட்டரிகள் 25 டிகிரிக்குக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும். மூன்று நான்கு ஆண்டு வர வேண்டிய பேட்டரி இரண்டாண்டில் உப்பிப்போவது இதனால்தான். பேட்டரி செத்த யுபிஎஸ் வெறும் நீட்டிப்பு வயர். மின்சாரம் ஒரு நொடி துண்டித்தாலும் சர்வர் அணையும். தரவுத்தளம் எழுதிக்கொண்டிருந்த பக்கம் பாதியில் நிற்கும்.

உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்றின் பிரதியாக மற்றொன்று. ஒன்றில் ‘படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதி’களின் எண்ணிக்கை வாரா வாரம் ஏறுகிறது. தட்டு சாகப்போகிறது என்பதற்கு அது தெளிவான அறிகுறி. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வெப்பத்தில் உழைத்தவை. பழுதானதைக் கழற்றிப் புதியது மாட்டினால், மற்றதிலிருந்து ஒரு டெராபைட்டையும் ஒரே மூச்சில் படித்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் இரண்டாவதும் விழக்கூடும். ‘இரண்டு டிஸ்க் இருக்கிறதே, பிறகென்ன’ என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழியும். அது காப்புப்பிரதி ஆகாது.

இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டன. நம் நிரல்கள் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.4 பதிப்புக்கு எழுதப்பட்டவை. அவை தரவுத்தளத்தோடு பேசப் பயன்படுத்தும் பழைய கட்டளைகளை பிஎச்பி 7-லேயே எடுத்துவிட்டார்கள். ஆகவே கோப்புகளைப் புதிய சர்வரில் கொண்டுபோய்ப் போட்டால் வெள்ளைப் பக்கம்தான் வரும். அந்த நிரல்களைத் திருத்தும் வேலையை நம் உறுப்பினர்கள் காசு வாங்காமல் செய்துவிட்டார்கள். ஒரு மாதிரிச் சர்வரில் பிஎச்பி 8.2-இல் ஓடிப் பார்த்தாயிற்று.

உண்மையான சிக்கல் எழுத்தில் இருக்கிறது. இந்தப் பகுதி சற்று நீளம். ஆனால் ‘காப்பி பண்ணிப் போட்டால் ஆயிற்றே, இதற்கு ஏன் இத்தனை வாரம்’ என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் உள்ளது.

2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில் நம்மில் பலர் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். முதல் சில ஆண்டுக் குறிப்புகள் அந்த வடிவில் உள்ளன. பிறகு யுனிகோடுக்கு வந்தோம். தரவுத்தளம் மட்டும் மாறவில்லை: பக்கம் யுனிகோடை அனுப்பியது, அட்டவணையோ அதை லத்தீன் எழுத்து என்று நம்பி வாங்கி வைத்தது. எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நடந்ததால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. இடம் மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும்.

‘அ’ என்ற எழுத்து, யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்: 224, 174, 133. வழக்கமான கட்டளையால் தரவுத்தளத்தை இறக்கினால், அது இந்த மூன்றையும் மூன்று தனி லத்தீன் குறிகளாக எண்ணி, ஒவ்வொன்றையும் மறுபடி யுடிஎஃப்-8 ஆக்கும். மூன்று பைட் ஏழாகும். ‘அ’ வர வேண்டிய இடத்தில் தலையில் சாய்கோடிட்ட ஒரு சின்ன ‘ஏ’, வட்டத்துக்குள் ஓர் ‘ஆர்’, மூன்று புள்ளி. பழைய தமிழ்த் தளங்கள் பல இப்படி ஆகிப்போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அப்படி ஆனதைத் திருப்பவும் கருவிகள் உண்டு. அங்கே இன்னொரு பள்ளம். விண்டோஸின் லத்தீன் அட்டவணையில் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து இடங்கள் காலி. தமிழில் உகரக் குறியின் கடைசி பைட் 129. புள்ளியின் கடைசி பைட் 141. ‘ஏ’ 143-லும் ‘ஐ’ 144-லும் முடிகின்றன. கவனமில்லாத கருவி இந்த நான்கையும் சத்தமில்லாமல் உதிர்த்துவிட்டு, ‘முடிந்தது’ என்று சொல்லும். ‘முத்து’ ‘மதத’ ஆவார். ‘முருகன்’ ‘மரகன’ ஆவார். பெயர்களே உயிராக இருக்கும் ஒரு களஞ்சியத்துக்கு இதைவிடப் பெரிய கேடு எதுவும் இல்லை.

நாங்கள் சோதித்துத் தேர்ந்த வழி இது. அட்டவணையில் எழுத்து உள்ள ஒவ்வொரு நெடுவரிசையையும் முதலில் வெறும் இருமத் தரவாக மாற்றுகிறோம். அப்போது தரவுத்தளம் எந்த எழுத்தையும் ஊகிக்காது. பிறகு அதே நெடுவரிசையை யுடிஎஃப்8எம்பி4 என்று அறிவிக்கிறோம். ஒரு பைட்டும் அசையாது, பெயர்ப்பலகை மட்டும் திருந்தும். கடைசியில் உள்ள அந்த ‘4’ முக்கியம். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யுடிஎஃப்8’ மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழ் எழுத்துகள் மூன்றில் அடங்கும். ஆனால் இரங்கல் குறிப்புகளில் பலர் போட்ட கும்பிடும் கை எமோஜிக்கு நான்கு பைட். அதை ஏற்காத அட்டவணையில் அந்தக் கையிலிருந்து பின்னால் உள்ள வரிகள் எல்லாம் அறுந்துபோகலாம். 2019-இல் யுனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்குதான். பழைய கோவில் கணக்கு நோட்டுகளை எழுத்துப்பெயர்க்க அவை நமக்கு வேண்டும்.

ஏற்கெனவே அறுந்தவையும் உண்டு. படத்தலைப்புக்கு 255 இடம் ஒதுக்கியிருந்தோம். லத்தீன் கணக்கில் அது 255 பைட். ‘தோட்டம்’ என்ற நான்கெழுத்துச் சொல்லே 21 பைட் தின்னும். நீளமான தலைப்புகள் கடைசி எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டிருக்கின்றன. மாற்றும்போது தரவுத்தளம் சரியாக அங்கே தகராறு செய்து நிற்கும். அவற்றை முன்கூட்டியே பட்டியலிட்டு, படத்தைப் பார்த்துக் கையால் முடித்துவைக்கிறோம். திஸ்கியில் உள்ளவற்றை இனங்காண்பது எளிது, அவை யுடிஎஃப்-8 சோதனையில் தேறாது. மாற்றுவதுதான் நுணுக்கம்: திஸ்கியில் தட்டச்சுப்பொறி வரிசைப்படி ‘கொ’வின் கொம்பு முன்னால், பிறகு ‘க’, பிறகு கால். யுனிகோடில் ‘க’வுக்குப் பின்தான் எல்லாம். வரிசையையும் மாற்றாவிட்டால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டும்.

கருவி முடித்ததைக் கண் சரிபார்க்க வேண்டும். 86,000-த்தையும் படிப்பது நடக்காத காரியம். ஆண்டுக்கு இத்தனை என்று எடுத்து 2,000 குறிப்புகளைப் பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்து ஆட்கள் படிப்பார்கள்.

மாற்றும் நாள் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு. நம் இணைய முகவரி எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்ற பதிவை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, இரண்டு நாள் முன்பே 86,400 நொடியிலிருந்து 300 நொடிக்குக் குறைப்போம். இல்லாவிட்டால் சிலருக்கு ஒரு நாள் முழுக்கப் பழைய சர்வரே தெரியும், அங்கே எழுதியது இங்கே வராது. கோப்புகளை முன்வாரமே ஒருமுறை நகலெடுத்துவிட்டு, அன்றிரவு எழுதும் வசதியைப் பூட்டி, மாறியவற்றை மட்டும் மறுபடி இழுப்போம். படிப்பதற்குத் தடை இருக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் இரு பக்கமும் ஷா-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) கணக்கிட்டு ஒப்பிட்ட பிறகே முகவரி மாறும். பழைய சர்வரை அணைத்து, 60 நாள் தொடாமல் வைத்திருப்போம்.

இனிச் செலவு. பொதுமக்கள் பார்க்கும் பகுதி சைபர்ஜெயாவில் உள்ள தரவு மையம் ஒன்றில் வாடகைச் சர்வரில் இருக்கும்: 4 கோர், 8 ஜிபி நினைவகம், 200 ஜிபி இடம், டெபியன் 12. சுருக்கிய படங்களும் எம்பி3 ஒலியும் 44 ஜிபிதான் என்பதால் அது தாராளம். மாதம் 145 ரிங்கிட், 24 மாதத்துக்கு 3,480. முழு அளவு மூலக்கோப்புகள் ஊரிலேயே இருக்கும். அதற்கு இரண்டு தட்டு பொருத்தும் சேமிப்புப் பெட்டி 950, வெவ்வேறு கடையில் வாங்கும் 4 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டு 1,120, ஈப்போவில் ஓர் உறுப்பினர் வீட்டில் வைக்க வெளி டிஸ்க் ஒன்று 520. யுபிஎஸ் 480. இடிதாங்கும் சாக்கெட்டும் எர்த் சோதிக்கும் வயர்மேன் கூலியும் 250. எர்த் சரியில்லாத வீட்டில் அந்தச் சாக்கெட் அலங்காரம் மட்டுமே, அதனால் கூலியைத் தவிர்க்க முடியாது. முகவரிப் பெயருக்கு இரண்டாண்டுக்கு 160. சரிபார்க்க வருவோரின் பஸ் காசு, சாப்பாட்டுக்கு 600. கூட்டினால் 7,560. விலை ஏற்றத்துக்குப் பத்து விழுக்காடு 756. செயற்குழு உறுப்பினர் எவருக்கும் இதில் ஒரு காசும் கிடையாது.

இலவசமாக இடம் தரும் வெளிநாட்டுச் சேவைகளில் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். இரண்டாவது நகலுக்கு அவை ஆகும். ஆனால் விதி மாறினால் முப்பது நாள் கெடுவில் ஒரு டெராபைட்டைத் தூக்கிக்கொண்டு ஓட நம்மிடம் ஆள் இல்லை. மூல நகல் நம் கையில் இருப்பதே நல்லது என்பது செயற்குழுவின் முடிவு.

தொகை எவ்வளவானாலும் ஏற்போம். 145 ரிங்கிட் தருபவர் ஒரு மாத வாடகையை ஏற்கிறார். நான்கு பேர் சேர்ந்து ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு எண்ணும் டூயிட்நாவ் கியூஆரும் பொருளாளரிடம் கிடைக்கும். அனுப்பும்போது குறிப்பில் ‘சர்வர்’ என்று போடுங்கள், ஆண்டுச் சந்தாவோடு கலந்துவிடக் கூடாது. ரொக்கமாகத் தருபவர்கள் எண்ணிட்ட ரசீது வாங்காமல் போகாதீர்கள். வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் நம் குழு அங்கீகாரம் பெறவில்லை என்பதால் வரிவிலக்கு கிடைக்காது. கடைசி நாள் ஆகஸ்ட் 31. அதற்குள் தொகை எட்டாவிட்டால் வாடகையை 12 மாதமாகக் குறைத்துத் தொடங்குவோம், டிஸ்க்குகளைக் குறைக்க மாட்டோம். வாங்கும் ஒவ்வொரு பொருளின் பில்லும் அக்டோபர் பொதுக்கூட்டத்தில் மேசைமேல் இருக்கும்.

வீட்டில் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தர முன்வந்தவர்களின் மனதுக்கு நன்றி. உழைத்துக் களைத்த தட்டில் மூலக்கோப்பை நம்பி வைக்க முடியாது, மன்னியுங்கள். அதற்குப் பதில் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தோட்டப் பெயர்களும் டிவிஷன் பெயர்களும் பழகிய கண் போதும். ‘மதத’வைப் பார்த்ததும் ‘முத்து’ என்று சொல்லத் தெரிந்த அக்காக்களும் அண்ணன்களும்தான் எங்களுக்கு வேண்டும். பெயர் கொடுக்கச் செயலாளரைத் தொடர்புகொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுவோம்.

அன்புடன்,
செயற்குழு,
சுங்கை சிப்புட்