கடலில் தொடங்கி மலைக்கு ஏறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில், கொழும்பிலிருந்து சொந்த வாகனத்தில் மலையையும் கடலையும் சுற்றி வர ஒரு பாதை சொல்லியிருந்தீர்கள். அட்டன், நுவரெலியா, எல்ல, பிறகு வெல்லவாய வழியாக அம்பாந்தோட்டைக்கு இறக்கம், அங்கிருந்து அதிவேக நெடுஞ்சாலையில் வீடு. படங்கள் அருமை. ஆனால் இந்தச் சுற்றை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பிரேக் விஷயம். எல்லயிலிருந்து வெல்லவாய வரை முப்பது கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 800 மீற்றர் இறங்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு வருவதும் இறக்கம்தான். ஆனால் அது கிட்டத்தட்ட 120 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. கொழும்பு நெரிசலில் ஓட்டிப் பழகியவர்கள் பலர் ஓட்டோ கியரை ‘டி’யில் போட்டுவிட்டு, மலை இறக்கம் முழுவதையும் பிரேக்கை மிதித்தே சமாளிக்கப் பார்க்கிறார்கள். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காது. கியரைக் குறைத்து இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். 2025இல் மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவிலும் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். காரணங்கள் எதுவாகவும் இருக்கட்டும், மலைவீதி பழகாதவருக்குச் செங்குத்தான பக்கத்தில் ஏறி, நீண்ட பக்கத்தில் இறங்குவதே நல்லது.

அடுத்தது கடல். அதிவேகப் பாதை உள்நாட்டுக்குள்ளால் போகிறது. நெல் வயலும் இறப்பர் மரமும் தெரியும், கடல் தெரியாது. ஆகவே காலையிலேயே பழைய காலி வீதியைப் பிடியுங்கள். தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம், நாம் ஓட்டுவது இடப்பக்கம். நிறுத்த வேண்டுமானால் எதிர்வரிசையைக் கடக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் திசைக்குத்தான் வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞாயிறு இரவு களைத்துப்போய்த் திரும்புகிறவருக்குக் கடல் எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

இந்த வீதியில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் கடற்கரை ஹோட்டல்கள் மட்டுமல்ல. ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய. 2004 டிசம்பர் 26 அன்று மாத்தறை நோக்கிப் போன ரயிலைச் சுனாமி அடித்துப் புரட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட இடம். நினைவுச்சின்னம் வீதியோரத்திலேயே இருக்கிறது. காலிக் கோட்டையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது 1911இல் காலியில் கிடைத்த கல்வெட்டு. சீனக் கடலோடி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. தேனாவரை என்பது மாத்தறைக்கு அப்பால் உள்ள இன்றைய தெவிநுவரதான். அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். இப்போது அங்கே போகிறவர்கள் நாட்டிலேயே உயரமான வெளிச்சவீட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கல்வெட்டோ நம் ஊர்த் தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது. புறப்படும் முன் அதைப் பார்த்துவிட்டுப் போனால் தெவிநுவரயில் இறங்கி நிற்கத் தோன்றும்.

அம்பாந்தோட்டை உப்பளங்களைத் தாண்டி, நேரமிருந்தால் கதிர்காமம். அப்புறம் வெல்லவாய. இங்கே எல்லோரும் எல்லப் பக்கம் திரும்புகிறார்கள். நீங்கள் கொஸ்லந்தைப் பக்கம் ஏறுங்கள். 220 மீற்றர் உயரத் தியலும நீர்வீழ்ச்சி வீதியிலிருந்தே தெரியும். அதற்கு மேலே கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில்தான் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. உங்கள் கட்டுரையில் தோட்டத் தொழிலாளி ஒரு படத்தில் கூடையோடு சிரிக்கிறார், அவ்வளவுதான். அந்த மண்ணில் புதைந்தவர்களும் இப்படிக் கொழுந்து பறித்தவர்களே. தமிழ்ப் பத்திரிகை ஒன்று அந்த மலைகளைப் பச்சைக் கம்பளம் என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது எனக்கு உறுத்தியது.

பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறினால், வானம் தெளிந்திருந்தால், வந்த சமவெளி முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். ஒன்பது வளைவுப் பாலம் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் பண்டாரவளையிலிருந்து எல்லவுக்குப் போய்த் திரும்பலாம். நுவரெலியாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தலவாக்கலைப் பக்கம் சென்கிளயர், டெவன் அருவிகள் வீதியிலிருந்தே தெரியும். வளைவில் வண்டியை நிறுத்தாமல் இருந்தால் சரி.

இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளை என்ன பாடு படுத்தியது என்று உங்கள் செய்திப் பக்கங்களே எழுதின; பயணப் பக்கம் அதைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. இனி இப்படிப் பாதை சொல்லும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அன்றைய மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுமாறு ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். ஹோட்டல் விளம்பரத்துக்கு ஒதுக்கிய இடத்தில் கால்வாசி போதும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06