காதல்தான் கிடைத்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வரும் தொடர்கதையில் ஐந்து பெண்களின் ராக் குழு போன வாரம் உடைந்துவிட்டது. காரணம், அதில் இரண்டு பேர் ஒரே ஆளைக் காதலித்தார்களாம்! பெண்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தால் அதைக் கலைக்க ஓர் ஆண் வந்துதான் ஆக வேண்டுமா?

லாஸ் ஏஞ்சல்ஸில் 1978இல் தொடங்கிய ‘தி கோ-கோஸ்’ குழுவும் ஐந்து பெண்களுடையதுதான். முதல் ஆல்பத்தின் அட்டையில் முகமெல்லாம் க்ரீம் பூசி, துண்டைச் சுற்றிக்கொண்டு இருப்பார்கள். (படம் எடுத்ததும் துண்டுகளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். கையில் அவ்வளவுதான் காசு!) அந்த ஆல்பம் 1982இல் அமெரிக்கப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. தாங்களே எழுதி, தாங்களே வாசித்த பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல்முறை.

அப்புறம் வந்தது பணத் தகராறு. பாட்டு எழுதியவருக்கு ராயல்டி தனியாக வரும். டிரம்ஸ் அடிப்பவருக்கு அது கிடையாது. ஒரே மேடையில் வேர்க்க விறுவிறுக்க நின்றவர்களின் வருமானம் மட்டும் ஒன்றாக இல்லை. 1984இல் கிதார் வாசித்த ஜேன் வீட்லின் விலகினார். மறு ஆண்டு குழுவே கலைந்தது. போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டது, அது தனிக்கதை.

உங்கள் தொடரில் டிரம்ஸ் வாசிக்கும் பெண்ணுக்கு இதுவரை ஒரு வசனம்கூட இல்லை. அடுத்த வாரமாவது அவள் கணக்குக் கேட்கட்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்