புரொஜெக்டர் அறை அண்ணனுக்கு நன்றி

அண்ணே, போன சனிக்கிழமை பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் குறும்படம் ஓடியபோது புரொஜெக்டர் அறையில் இருந்தவர் நீங்கள்தான். பெயர் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

கோலாலம்பூரில் காசு கொடுத்துச் செய்து வாங்கிய டிசிபி வட்டை, அதாவது அரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை, படம் ஓட்டும் சர்வர் எடுக்கவே இல்லை. இந்த சர்வர்களுக்குப் பொதுவாக லினக்ஸ் முறை வட்டுதான் ஒத்துவரும். எங்களுடையதை விண்டோஸ் முறையில் ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டார்கள். யூடியூப் பிரதியையே போட்டுவிடலாம் என்றார் ஒருவர். நீங்கள் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து உங்கள் சொந்த வட்டை எடுத்து, கோப்புகளை மாற்ற ஆரம்பித்துவிட்டீர்கள்.

அதோடு விட்டிருந்தாலே பெரிய உதவி. ஆனால் சோதனை ஓட்டத்தில் பாட்டி அடுப்படியில் முணுமுணுக்கும் வசனம் சரியாகக் கேட்கவில்லை என்று, கீழே இறங்கி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டீர்கள். அரங்கு ஒலிக்கருவிகளில் ஒலியளவுக்கு 7 என்பதுதான் தர அளவு. படம் ஓடும்போது அந்த இடத்தில் மட்டும் கையாலேயே கூட்டி, கோயில் மணி அடிக்குமுன் சட்டென்று குறைத்தீர்கள். யாரும் கேட்காமலே! பாட்டியாக நடித்தவர் என் அம்மாச்சி. பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ஃபெரி முழுக்க, தன் குரல் ஒரு சொல் விடாமல் கேட்டதாம், அதே பேச்சுதான்.

வெளியே வந்து தேடினோம், அதற்குள் கிளம்பிவிட்டீர்கள். தெரிந்தவர்கள் இதை அண்ணனிடம் காட்டுங்கள். படத்தின் நன்றி அட்டையில் அவர் பெயரைப் போட வேண்டும். அப்புறம், அவருடைய வட்டும் எங்களிடம்தான் பத்திரமாக இருக்கிறது.