விளம்பரப் படம் எடுப்பவர்களுக்கு: எத்தனை நாள் என்று எழுதிக் கொடுங்கள்

சென்னையில் விளம்பரப் படம் எடுக்கும் தயாரிப்பு நிறுவனங்களுக்கும், ஏஜென்சிகளுக்கும், எங்களை உங்களிடம் அழைத்து வரும் கோ-ஆர்டினேட்டர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையை அடுத்த மேலூர் பக்கத்துக்காரன். குடும்பத்தோடு சாலிகிராமத்தில் இருக்கிறேன், நடிப்புதான் தொழில். சினிமாவில் ஒரு காட்சி, சீரியலில் நாலு நாள் என்று எப்போதாவது வரும்; மாதா மாதம் வாடகை கட்டவைப்பது உங்கள் விளம்பரங்கள்தான். அந்த நன்றியை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஆனால் போன மாதம் நடந்ததற்குப் பிறகு சும்மா இருக்கவும் முடியவில்லை.

ஒரு சிமென்ட் விளம்பரத்துக்கு ஆடிஷன் கொடுத்துத் தேர்வானேன். லுக் டெஸ்ட் முடிந்தது, சட்டை அளவு எடுத்தார்கள், இரண்டு நாள் கால்ஷீட், அறுபதாயிரம் ரூபாய் என்று பேசினோம். ஷூட்டிங்குக்கு முந்தின நாள் மாலை போன். "அண்ணே, உங்க மூஞ்சி வேற சிமென்ட்டுல ஓடிட்டிருக்காமே, கிளையன்ட் ஒத்துக்க மாட்டேங்கறாங்க." அவ்வளவுதான். என் பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்காக மனதில் எடுத்து வைத்திருந்த பணம் அது.

அந்த வேறு சிமென்ட், நான் 2021இல் ஒரே நாள் நடித்துக் கொடுத்தது. பன்னிரண்டாயிரம் ரூபாய், அதில் கமிஷன் போக, டி.டி.எஸ். என்ற வரிப் பிடித்தம் போக மிச்சம், அதுவும் நாலு மாதம் கழித்து. "ஒரு வருஷம்தான், யூடியூப், ஃபேஸ்புக் மட்டும்தான்" என்று வாட்ஸ்ஆப்பில் எனக்கு வந்த செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. ஆனால் அந்த விளம்பரம் டிவியில் வந்தது, தியேட்டரில் இடைவேளைக்கு முன்னால் வந்தது, இப்போது மேலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஹார்டுவேர் கடையின் மேல் பத்தடிப் பலகையாக நிற்கிறது. அதற்காக ஒரு ரூபாய் கூட எனக்கு வரவில்லை. கோ-ஆர்டினேட்டரைக் கேட்டால் ஏஜென்சியைக் கேளுங்கள் என்கிறார், ஏஜென்சி தயாரிப்பு நிறுவனத்தைக் காட்டுகிறது, அவர்களோ அந்த ப்ராஜெக்ட் எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார்கள். முடிந்துபோன ஒன்று எப்படி என் வேலையை இன்று பறிக்கும்?

எனக்கு அந்தப் பழைய சிமென்ட் வேலை எதற்காகக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். "மதுரைப் பக்கத்து ஆள்தான் வேணும், பேச்சுல ஊர் மண்ணு தெரியணும்" என்று கேட்டுத்தான் எடுத்தீர்கள். வசனத்தாளில் 'அஸ்திவாரம்' என்று இருந்தது. எங்கள் ஊர்க் கொத்தனார் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார், கடக்கால் என்றுதான் சொல்வார் என்றேன். இயக்குநர் நல்லவர், உங்கள் வாய்க்கு வருகிறபடி சொல்லுங்கள் என்றார். "கடக்கால் கெட்டியா இருந்தா காத்தென்ன மழையென்ன" என்று என் அப்பத்தா வீடு கட்டும்போது சொன்னதைத்தான் கேமரா முன்னால் சொன்னேன். இன்று அந்தப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது அந்த வரிதான். என் முகத்தை மட்டுமல்ல, என் ஊரையும் என் அப்பத்தாவின் வாயையும் சேர்த்துத்தான் பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதற்கும் ஒரு முடிவு தேதி வேண்டாமா?

என் அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் முப்பது வருடம் பபூன், அதாவது கோமாளி வேஷம் கட்டியவர். அந்த மேடைக்கு நாடகம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார், ஆனால் அவர் எழுதிய நாடகங்களை எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய ஆடுகிறார்கள். அதில் நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது; நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேஷம் கட்டும் ஸ்த்ரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் ஓர் ஊர், எல்லோரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். உங்கள் ஷூட்டிங் மாதிரியேதான். ஆனால் அப்பாவின் டைரியில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி இருக்கும்: எந்த ஊர், எந்த தேதி, எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு. விடிந்ததும் பாக்கியை எண்ணிக் கொடுப்பார்கள், மறுநாள் இரவு அதே ஊரில் ஆட வேண்டுமென்றால் மறுபடி பேசுவார்கள். போன பொங்கலுக்குப் போனபோது அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார், "எத்தனை நாளைக்குப்பா பேசுன?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் நடிப்பவரின் உரிமையைத் தெளிவாகச் சொல்கிறது. உரிமை கைமாற வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். நானோ எதிலும் கையெழுத்தே போடவில்லை, பான் கார்டு நகல் மட்டும் வாங்கினார்கள். அதே சட்டம், படத்தில் போகிற போக்கில் வந்து பெயர் போடப்படாத ஒருவரை ஏறக்குறைய நடிகர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விளம்பரத்தில் யாருக்குத்தான் பெயர் போடுகிறீர்கள்? முப்பது நொடியும் என் முகமே இருந்தாலும் என் பெயர் எங்கும் இல்லை. நாளை இதை வைத்தே நான் நடிகன் இல்லை என்று யாராவது வாதாடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், எழுதிக் கொடுங்கள்.

பணம் வரும் காலத்தையும் எழுதுங்கள். சிறு, குறு தொழிலாகப் பதிவு செய்தவருக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்களில் பலர் அப்படிப் பதிவு செய்யலாம் என்பதே தெரியாமல் இருக்கிறார்கள். நானே போன வருடம்தான் செய்தேன்.

இன்னொன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது. மும்பையில் எடுத்து, உதடு ஒட்டாத தமிழில் டப் செய்து, வேட்டியைக் கூடச் சரியாகக் கட்டத் தெரியாதவரை நம் ஊர் விவசாயி என்று காட்டுகிறார்களே, அந்த விளம்பரங்களுக்கு இங்கே எத்தனை நடிகர்கள் இருக்கிறோம்? கூத்துப் பட்டறை மாதிரி நாடகக் குழுவிலும் கிராம மேடையிலும் பழகி வந்தவர்கள் வடபழனி டீக்கடையில் ஆடிஷன் அழைப்புக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். செல்ஃப் டெஸ்ட் என்று நாங்களே நடித்து எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லிவிட்டு, இல்லை என்ற ஒரு வார்த்தையைக்கூடத் திருப்பி அனுப்பாத வழக்கம் வேறு. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வந்தேன்.

தயவுசெய்து ஷூட்டிங்குக்கு முன்னால் ஒரு தாள் கொடுங்கள். தமிழில் இருந்தால் போதும், ஒரு பக்கம் போதும். எங்கெங்கே ஓடும், எத்தனை நாள் ஓடும், எவ்வளவு, எப்போது. நாள் முடிந்தால் எடுத்துவிடுங்கள், இன்னும் வேண்டுமென்றால் மறுபடி பேசுங்கள், நாங்கள் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, படித்தால் அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சித்திரையில் ஊருக்குப் போகிறேன். அதற்குள் மேலூரில் இருக்கும் அந்தப் பலகையை இறக்கிவிடுங்கள். இல்லை, இருக்க வேண்டும் என்றால், இன்னும் எத்தனை நாளைக்கு என்று எழுதி அனுப்புங்கள், அப்பாவிடம் காட்ட வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் விளம்பரங்களில் நடிக்கும் ஒருவன்