மூச்சுக்குழாய்ச் செல்களுக்கும் ஒரு வரைபடம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஆஸ்துமாவுக்குக் காரணமான மரபணு கண்டுபிடிப்பு', 'கொரோனாவைக் கடுமையாக்கிய நியாண்டர்தால் மரபணு' என்று நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவரும் தலைப்புகளில் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுப்போகிறது. பல்லாயிரம் பேரை ஒப்பிட்டுச் செய்யப்படும் ஆய்வுகளில் நோயோடு தொடர்புடையவையாகத் தெரியவரும் டிஎன்ஏ மாற்றங்களில் பெரும்பாலானவை, புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதிகளில் இருப்பவை அல்ல. அப்பகுதிகள் நம் டிஎன்ஏவில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. எஞ்சிய பரப்பில் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகள்தாம் எந்த மரபணு எந்தச் செல்லில் எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. அவற்றைச் சுவிட்சுகள் என்றே சொல்லலாம். மூச்சுக்குழாய்ச் செல்களில் எந்தச் சுவிட்சுகள் இயங்குகின்றன என்று காட்டும் வரைபடம் ஒன்று நமக்குத் தேவை என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

கொரோனா விஷயத்தையே பார்ப்போம். மூன்றாவது குரோமோசோமில் ஏறத்தாழ 50,000 எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகு) நீளமுள்ள ஒரு துண்டு நோயின் கடுமையோடு தொடர்புடையது என்பதும், அது அழிந்துபோன பழங்கால மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்பதும் 2020-இல் தெரியவந்தன. ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம் உள்ள அத்துண்டின் ஒரு பிரதியாவது தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் உள்ளது. சுற்றுவட்டாரத்தில் நோயெதிர்ப்பு தொடர்பான மரபணுக்கள் பல இருந்ததால் ஐயம் முதலில் அவற்றின் மேலேயே விழுந்தது. டிஎன்ஏ எங்கே சுருள் தளர்ந்து திறந்திருக்கிறது, எந்தத் துண்டு வளைந்து சென்று எந்த மரபணுவைத் தொடுகிறது என்பதைப் பல வகைச் செல்களில் ஒப்பிட்ட ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களோ, 2021-இல், நுரையீரல் உட்சுவர்ச் செல்களில் இயங்கும் எல்இசட்டிஎஃப்எல்1 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டினர். அதுவரை இந்நோய் தொடர்பாக யாரும் பெரிதாகப் பேசாத மரபணு அது. ஒரே ஓர் எழுத்து மாறியதால் அதன் சுவிட்ச் கூடுதலாக முடுக்கப்படுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். விவாதம் இன்னும் முடிந்துவிடவில்லை என்றாலும், உரிய திசுவைப் பார்த்ததால்தான் இந்தத் தடயம் கிடைத்தது.

இதைவிடத் தெளிவான சான்று, நுரையீரலில் கெட்டியான சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குரிய சிஎஃப்டிஆர் மரபணு. 1989-இல் கண்டறியப்பட்ட இம்மரபணுவை மூச்சுக்குழாயில் இயக்கும் சுவிட்சுகள், அது தொடங்குமிடத்துக்கு 35,000, 44,000 எழுத்துகள் முன்னதாக இருக்கின்றன. அதே மரபணுவைக் குடலில் இயக்கும் சுவிட்சுகளோ மரபணுவின் உள்ளேயே அமைந்துள்ளன. ஓர் உறுப்பின் வரைபடத்தைக் கொண்டு இன்னோர் உறுப்பில் வழி தேட முடியாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தியாவில் 10,000 பேரின் மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டிருப்பது பெருமைக்குரிய பணி. அதைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஆனால் ரத்தத்திலிருந்து படித்தெடுத்த எழுத்து வரிசை, சுவிட்ச் எங்கே இருக்கக்கூடும் என்பதைச் சொன்னாலும், அது மூச்சுக்குழாயில் இயங்குகிறதா, அணைந்து கிடக்கிறதா என்பதைச் சொல்லாது. அதை அறியும் முறை இன்று அவ்வளவு கடினமானதும் அல்ல. திறந்திருக்கும் டிஎன்ஏவில் மட்டும் நுழைந்து குறியிடும் ஒரு நொதியைப் பயன்படுத்தும் அட்டாக்-செக் முறை 2013-இல் வந்த பிறகு, கோடிக்கணக்கில் செல்கள் வேண்டியிருந்த வேலை சில பத்தாயிரங்களில் முடிகிறது. மூக்கின் உட்புறத்தில் சிறு பிரஷ்ஷால் வருடியோ, பிராங்காஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்யும்போதோ எடுக்கும் செல்களை, மேற்புறம் காற்றிலும் அடிப்புறம் ஊட்ட நீர்மத்திலும் இருக்குமாறு சில வாரங்கள் வளர்த்தால், நுண்மயிர் போன்ற குற்றிழைகள் அசைந்தாடும் மூச்சுக்குழாய்ப் படலமே ஆய்வகத்தில் உருவாகிவிடும். இவ்வளவு வசதி வந்த பிறகும், 1972-இல் ஒரு நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட ஏ549 செல்களையே இயல்பான நுரையீரலுக்குப் பதிலியாகக் கொள்ளும் பழக்கம் பல ஆய்வுகளில் தொடர்வது எனக்கு வியப்பளிக்கிறது.

நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிராங்காஸ்கோபி அன்றாடம் நடக்கிறது. நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடும், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் அப்போது கூடுதலாகச் சில செல்களைச் சேகரித்து, ஆஸ்துமா உள்ளவர், இல்லாதவர், புகைப்பவர், விறகடுப்பில் சமைப்பவர் எனப் பிரித்து வரைபடம் தயாரிக்க மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை தனி நிதி ஒதுக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்,
மதுரை.