தெய்வானைக்கு, அந்த மூன்று டப்பாக்களைப் பற்றி

காரைக்குடி
மார்கழி

அன்புள்ள தெய்வானை,

உன் கடிதமும், நீ இளைப்பதற்கென்று மூன்று டப்பாக்களைக் கேட்டு உன் மருமகள் எழுதிக் கொடுத்த பட்டியலும் வந்து சேர்ந்தன. பிள்ளையார் நோன்பு நேரம், உடனே பதில் எழுத முடியவில்லை. இந்த வருடம் பிள்ளைகள் யாரும் ஊருக்கு வரவில்லை. சின்ன மாமனார்தான் எங்களுக்கு இழை, அதாவது நூல் திரியில் சுடர் ஏற்றிய மாவுப் பிள்ளையார், எடுத்துக் கொடுத்தார். மாவுப் பிள்ளையாரைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதை வீடியோவில் பார்த்த பேத்தி, "ஆயா, நூலையா முழுங்குறீங்க?" என்றாள். "நார்ச்சத்து, உடம்புக்கு நல்லது" என்று கேலியாகச் சொல்லிவைத்தேன். மறுநாள் எங்கள் மருந்துக் கடையில் உட்கார்ந்து உன் பட்டியலைப் படித்தால் அதிலும் நார்தான்!

பருத்தி நூலும் நார்தான், உன் மருமகள் கேட்கிற சிக்கரி வேர்ப் பொடியும் நார்தான். ஆனால் பருத்தியை நம் குடலில் இருக்கிற பாக்டீரியாக்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சிக்கரியில் இருக்கும் இனுலின் என்ற நாரை விரும்பித் தின்கின்றன. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்கே நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாகும் இப்படிப்பட்ட பொருளுக்கு 1995-இல் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் என்ற இருவர் ப்ரீபயாடிக் என்று பெயர் வைத்தார்கள். அதைத் தின்ற பாக்டீரியாக்கள் அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற சின்னச் சின்ன அமிலங்களை விடுகின்றன. பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். இந்த அமிலங்கள் பட்டதும் குடல் சுவரில் சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வயிறு மெதுவாகக் காலியாக, "போதும்" என்ற எண்ணம் வர, சர்க்கரை ஏறும் நேரத்தில் இன்சுலின் சுரக்க அது உதவுகிறது.

இங்கேதான் விளம்பரக்காரர்கள் புகுந்துவிட்டார்கள். 2025-இல் எடை குறைக்கும் ஊசிகள் இந்தியக் கடைகளுக்கு வந்தன அல்லவா? ஊசியும் அந்த ஹார்மோனின் வேலையைத்தான் செய்கிறது, நாரும் அதையே தூண்டுகிறது, ஆகவே எங்கள் டப்பாதான் "இயற்கை ஊசி" என்கிறார்கள். உன் மருமகளும் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். நம் குடல் சுரக்கிற ஜிஎல்பி-1 இரத்தத்தில் இரண்டு நிமிடத்திலேயே பாதி அழிந்துவிடும். அந்த எடை குறைக்கும் ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைட்டில் போன மருந்து பாதியாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது, சிட்டிகை உப்பையும் உப்பளத்தையும் ஒன்று என்பது போல. நார் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. அது செய்வது சின்ன வேலை, மெதுவான வேலை. குழகுழப்பான நார்களை வைத்து நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், குறைந்த எடை சராசரியாக ஒரு கிலோவுக்கும் கீழேதான்.

டாக்டர் உனக்கு ஈரலில் கொழுப்பு, மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம், இடுப்பளவு 96 சென்டிமீட்டர் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். நம் பெண்களுக்கு 80-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், அதனால் நீ பயந்ததில் தப்பில்லை. மூன்று மாத சர்க்கரை 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசற்படி. இன்னும் உள்ளே போகவில்லை, திரும்பி வர வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி மூன்று டப்பாக்கள் வழியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி.

முதல் டப்பா சிக்கரிப் பொடி. கெடுதல் இல்லை. ஸ்பூன் ஸ்பூனாக முதல் நாளே எடுத்தால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, வந்த விருந்தாளி முன்னால் உட்கார முடியாது. வேண்டுமென்றால் அரை ஸ்பூனில் ஆரம்பித்து வாரக்கணக்கில் கூட்டு. ஆனால் இதே வகை நார் சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. நம் ஊர்ச் சமையலில் அவற்றுக்கா பஞ்சம்? மொச்சையிலும் தட்டைப்பயற்றிலும் இருப்பது வேறு வகை, அதையும் குடல் பாக்டீரியாக்கள் விடாது. பயறு சாப்பிட்டால் வாயு வருகிறது என்று நாம் குறைப்பட்டுக்கொள்வது அதனால்தான்.

இரண்டாவது, குளுக்கோமன்னன் மாத்திரை. கொன்யாக் என்ற கிழங்கிலிருந்து எடுப்பது. அது நம் சேனைக்கிழங்கின் பங்காளி, ஒரே பேரினம். தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல், கலோரி குறைத்த சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 3 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு முன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு எடுத்தால் எடை குறைய உதவும் என்று ஒப்புக்கொண்டது. தண்ணீர் என்பதை அடிக்கோடிட்டுக்கொள். மாத்திரை தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. உனக்கோ சாதாரண மாத்திரையே இறங்காது, பள்ளிக்கூடத்தில் மலேரியாவுக்கான குளோரோகுயின் மாத்திரை கொடுத்தபோது நீ செய்த கூத்து எனக்கு மறக்கவில்லை. இது உனக்கு வேண்டாம்.

மூன்றாவதைத்தான் நான் வாங்கவே விடமாட்டேன். குடம்புளிச் சாறு, கிரீன் டீ சாறு, மரமஞ்சள் சாறு மூன்றையும் ஒரு குப்பியில் அடைத்து "கொழுப்பை எரிக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். மருமகள் பார்வையில் எல்லாமே இயற்கை, எல்லாமே செடி. என் பார்வை வேறு. நார் நம் உடம்புக்குள் போவதே இல்லை. குடல் வழியாக நடந்து போய் வெளியேறுகிறது, நடுவில் பாக்டீரியாக்களுக்குச் சோறு போடுகிறது, அவ்வளவுதான். செறிவூட்டிய சாறு அப்படி இல்லை. அது இரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போகிறது, மருந்து போலவே வேலை செய்கிறது. ஆனால் மருந்துக்கு இருக்கிற சோதனை அதற்கு இல்லை. நம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிப்படி இந்த டப்பாக்களில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சிட்டே ஆக வேண்டும். முன்பக்கம் ஒல்லியான பெண்ணின் படம், அந்த வரியோ யார் கண்ணிலும் படாத மூலையில்.

குடம்புளியை 1998-இலேயே அமெரிக்காவில் சோதித்துவிட்டார்கள். 135 பேர், 12 வாரம், பாதிப் பேருக்குக் குடம்புளியின் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லாத மாத்திரை. எடை இரு தரப்புக்கும் குறைந்தது, வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் இரு தரப்புக்கும் கொடுத்தது நார் நிறைந்த, கலோரி குறைந்த சாப்பாடு. குடம்புளியை மீன் குழம்பில் போடட்டும், நன்றாக இருக்கும். கிரீன் டீயை டம்ளரில் குடி, தப்பில்லை. சாறாக்கி, அதில் உள்ள இஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தாண்டினால் ஈரல் நொதிகள் ஏறுவதாக அதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. ஏற்கெனவே கொழுப்பு படிந்த ஈரலை வைத்துக்கொண்டு அதை ஏன் சீண்ட வேண்டும்? மரமஞ்சளின் பெர்பெரின் வேறு பல மருந்துகளோடு மோதும். இந்தக் குப்பியில் எனக்குக் கிடைக்கிற லாபம் சர்க்கரை மாத்திரையில் கிடைப்பதைவிட அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி விற்பனையாளர் வரும்போதெல்லாம் என் கணவர் ஆசையாகத்தான் பார்க்கிறார்.

சரி, என்னதான் செய்வது என்பாய். இசப்கோல் உமி வாங்கு. குஜராத்தில் விளைவது, விலையும் அதிகமில்லை. வாசனை, கலர், சர்க்கரை சேர்க்காததாகப் பார். கெட்ட கொழுப்பை 5 முதல் 10 சதவீதம் குறைக்கும், மலம் இளகும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்தவுடன் குடித்துவிட வேண்டும். பேச்சு வாக்கில் ஆற வைத்தால் பசையாகிவிடும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விடு.

அப்புறம் தட்டைப் பார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும், அதுவும் உணவிலிருந்தே, என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையில் தீட்டிய அரிசி 100 கிராமுக்கு நார் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகில் 11, முழுக் கொண்டைக்கடலையில் 25. நம் வீடுகளில் வெண்டைக்காய் மண்டி, வாழைப்பூப் பொரியல், மொச்சை போட்ட குழம்பு எதற்கும் குறைவில்லை. ஆனால் மலை போலச் சோற்றைக் குவித்து ஓரத்தில் தொட்டுக்கொள்கிறோம். அளவை மாற்றிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று நீயும் எழுதியிருக்கிறாய். கறுப்புத் தவிட்டோடு இருக்கிற அரிசி, நல்லதுதான். அதில் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் கொட்டிக் கிண்டிவிட்டு நல்லது என்று சொல்லக் கூடாது. கார்த்திகையில் கானாடுகாத்தான் கல்யாணத்தில் இரண்டு கிண்ணம் கவுனி அரிசி சாப்பிட்ட ஒரு ஆச்சி, நேராக என்னிடம் வந்து சர்க்கரைக்குப் பொடி கேட்டார்.

உங்கள் பள்ளத்தூர் வீட்டைப் போய்ப் பார்த்தேன். இரண்டாங்கட்டில் ஓடு உடைந்து ஒழுகியிருக்கிறது, சுவரில் ஈரம் ஏறிவிட்டது. ஓட்டு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தை பிறந்ததும் வருவார். பங்காளிகளிடம் நீயே பேசிவிடு, என்னிடம் யாரும் பிடி கொடுத்துப் பேசவில்லை.

மருமகளிடம் கோபப்படாதே, அக்கறையில்தான் எழுதியிருக்கிறாள். நீ இப்போது சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றின் பெயரும் அளவும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. சர்க்கரைக்கு ஏதாவது ஆரம்பித்திருந்தால் அதையும் எழுது. வெந்தயமோ இசப்கோலோ அதோடு சேரும்போது சர்க்கரை தாழ்ந்து போகாமல் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பார்சல் அனுப்புவேன்.

அன்புடன்,
உமையாள்